கொல்லிமலை நரிக்கு எந்தத் துப்பாக்கி?

துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் விலையைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். துப்பாக்கியைப் பற்றி நமக்கே ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

கடைப்பலகைக்கு உள்பக்கம் நின்று காலம் தள்ளிய யாரும் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். ஜவுளிக்கடையில் நின்றவருக்குச் சேலையின் நிறம், மருந்துக்கடையில் நின்றவருக்கு அடுத்தவர் இருமல், எனக்கு நரி. வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலத்தில் கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ஓர் இரும்புக் கடையில் வேலை பார்த்தேன். முன்பக்கம் ஆணி, கொழு, கடப்பாரை, வண்டிப் பட்டா. பின்பக்கம் கம்பிக் கதவு போட்ட அறையில் துப்பாக்கிகள். கடையும் லைசென்சும் முதலாளி பேரில் இருந்தாலும் அந்தப் பின்னறைக்கு ராஜா நான்தான். சேலத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் குழல் துடைக்கிற ஆளாகச் சேர்ந்து, பிடிக்கட்டை செதுக்குவது வரைக்கும் கற்றுக்கொண்டு வந்தவன். சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது: மலைக்கும் அடிவாரத்துக்கும் நரி சுடத் தோதான துப்பாக்கி பார்த்துக் கொடுப்பதில் என்னை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆளில்லை.

நரிதானே என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். மலைமேல் ஆடு குட்டி போட்ட வாசம் பட்டால் பட்டியைச் சுற்றி வரும். ஈரம் காயாத குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அடிவாரத்தில் கரும்பைக் கடித்துச் சப்பிவிட்டுத் துப்பும், நிலக்கடலையைத் தோண்டும். பயிரையும் ஆட்டையும் காப்பாற்ற வேண்டும் என்று மனுப் போட்டால் சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கும். அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டு நேராக எங்கள் கடைக்கு வருவார்கள்.

என் முதலாளி நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். வேறோர் ஊரில் விற்ற துப்பாக்கி சரியில்லை என்று திரும்பி வந்து, அதிகாரிகள் விசாரித்து, கடைக்காரர் அலையாய் அலைந்த கதை அவர் காதில் விழுந்துவிட்டது. அதிலிருந்து ஒரே பேச்சு. குறை சொல்லி ஒரு துப்பாக்கி திரும்பி வந்தாலும் லைசென்சை ஒப்படைத்துவிட்டுப் பின்னறையில் தகரம் அடுக்கிவிடுவாராம், நான் முன்னால் வந்து ஆணி நிறுக்க வேண்டுமாம். ஆகவே நான் கொடுத்தனுப்பிய ஒவ்வொரு துப்பாக்கியோடும் என் சோறும் என் பேரும் சேர்ந்தே மலையேறின. அவர் அடிக்கடி சொல்லும் வாசகம் இது: "ஆணி திரும்பி வந்தா வேற ஆணி குடுக்கலாம்பா, துப்பாக்கி திரும்பி வந்தா பின்னாலயே போலீசு வருமப்பா."

பங்காளி வீடு

கரும்புத் தோட்டக்காரர் ஒருவர் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பெரிய பண்ணையம், பெரிய மீசை. நரி கரும்பை நாசம் செய்கிறது, இருப்பதிலேயே தூரமாகச் சுடும் ரைஃபிள் வேண்டும் என்றார். ரைஃபிள் என்றால் குழலுக்குள் மரை வெட்டி ஒற்றைக் குண்டு போடுவது. பட்டால் நரி அவுட். படாவிட்டால் அந்தக் குண்டு நரியோடு நிற்காது, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ரவைத் துப்பாக்கி அப்படியில்லை. ஒரு கைப்பிடி ஈய ரவையை வீசும், கொஞ்ச தூரத்திலேயே அதன் வேகம் செத்துவிடும். நரி நிற்கிற தூரத்துக்கு அது போதும்.

அதனால் எவர் வந்தாலும் நான் சில கேள்விகள் கேட்காமல் கம்பிக் கதவைத் திறக்க மாட்டேன். சுடப்போவது யார், நரி எந்தப் பக்கம் வரும், நரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது. பின்னால் மண்மேடு இருந்தால் ரைஃபிள் கொடுப்பேன், ஊர் இருந்தால் கொடுக்க மாட்டேன். இவரிடம் கேட்டபோது, நரி வாய்க்கால் வழியாக வரும், அதற்கு நேர் பின்னால் பங்காளி வீடு என்றார். கிணற்று வழக்கில் பேச்சுவார்த்தை அறுந்துபோன பங்காளி. அப்படியானால் ரைஃபிள் கூடாது, ரவைத் துப்பாக்கிதான் என்று முடிவாகச் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "பின்னால பங்காளி ஊடுதானுங்க இருக்குது, அது ஒண்ணும் பரவாயில்லீங்க, நீங்க ரைஃபிளயே குடுங்க."

சித்திரை வெயிலில் கம்பளி

துப்பாக்கியில் எல்லோரும் குழலைத்தான் பார்ப்பார்கள். நான் பார்ப்பது பிடிக்கட்டை. சட்டை ஆளுக்கு ஆள் அளவு மாறுகிறது, கட்டை மட்டும் எப்படி மாறாமலிருக்கும்? முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து விரல்வரை அளந்து, அதற்கேற்பக் கட்டையை அறுப்பேன் அல்லது அட்டை வைத்து நீட்டுவேன். பிறகு கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் சாத்தச் சொல்வேன். கண்ணைத் திறந்ததும் குழலின் முனையிலிருக்கிற குறிமணி தானாகவே பார்வைக்கு நேரே வந்து நிற்க வேண்டும். நிற்கும்வரை ஆளை விடமாட்டேன்.

இதில் மற்றக் கடைக்காரர்கள் கோட்டைவிட்ட இடம் ஒன்றுண்டு. மலைக்காரர் சேந்தமங்கலத்துக்கு வெறும் தோளோடு வருவார். நரி வருவதோ விடியற்காலைப் பனியில். அப்போது அவர் தோளில் கம்பளி மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். வெறும் தோளில் அளந்த கட்டை கம்பளியில் சிக்கிக்கொள்ளும். அதனால் கடையில் ஒரு கனத்த கம்பளி வாங்கி ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். எந்த மாதமானாலும் அதைப் போர்த்திக்கொண்டுதான் அளவு கொடுக்க வேண்டும். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அப்படி அரியூர் நாட்டுக்காரர் ஒருவரைச் சித்திரை மாதம் உச்சி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, கம்பளியோடு நிறுத்தி நான் நிதானமாக அளந்துகொண்டிருந்தேன். வேர்வை மூக்கு நுனியில் சொட்ட அவர் கேட்டுக்கொண்டார்: "நரி சாவறதுக்கு முன்னால நாஞ் செத்துருவேம் போல இருக்குதுங்க, வெரசா அளங்க சாமி."

சாக்கு நரி

ரவையிலும் ரகமுண்டு. பொடி ரவை நரிக்கு உறைக்காது, ஊளையிட்டுக்கொண்டு ஓடிவிடும். மான் சுடுகிற பெரிய ரவை சிலதே இருக்கும், நரியின் இரண்டு பக்கமும் மரியாதையாக விலகிப் போய்விடும். இடைப்பட்ட பி.பி. ரவைதான் நரிக்கென்று பிறந்தது. அதிலும் சில குழலில் ரவை ஒன்றாகப் போகும், சில குழலில் சிதறும். அது எப்படி என்று வாயால் சொன்னால் யாருக்கும் விளங்காது. ஆகவே வற்றிய ஏரிக்குள் கூட்டிக்கொண்டு போய், ஒரு கோணிச் சாக்கை விரித்துக் கட்டி, அதில் கரித்துண்டால் நரி வரைந்து, வாங்குகிறவரையே சுடச் சொல்வேன். நரிக்குள் விழுந்த ஓட்டைகளை அவரே எண்ணிக்கொள்ளலாம். சேலத்துக் கடையில்கூட இந்த ஏற்பாடு கிடையாது, இது என் சொந்தச் சரக்கு.

அடிவாரத்து விவசாயி ஒருவர் துப்பாக்கியைத் தோளில் சாத்தினார், இறக்கினார். மறுபடி சாத்தினார், மறுபடி இறக்கினார். குழலில் குறையா, கட்டை இடிக்கிறதா என்று நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். எல்லாம் கனகச்சிதமாக இருந்தது. கடைசியில் அவர் துப்பாக்கியை என்னிடமே நீட்டிவிட்டார். என் கைத்திறமையில் எனக்கிருந்த நம்பிக்கை சித்திரம் வரைவதில் மட்டும் அன்றோடு போயிற்று. அவர் சொன்னது: "சுட மனசு வரலீங்க, அந்த மூஞ்சி எங்க ஊட்டு நாயி மாதிரியே இருக்குதுங்க."

பனி பிடித்த கண்ணாடி

மலைமேல் காப்பித் தோட்டம் ஒன்றில் மேனேஜர் ஒருவர் இருந்தார். பெங்களூர்ப் பக்கத்துக்காரர், நல்ல குறிக்காரர். தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் கண்ணாடிக் குழாய் பொருத்திய ரைஃபிள் ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்திருந்தார். அதில் நரி மட்டும் விழவே மாட்டேனென்றது. கோழிகள் தினம் குறைந்துகொண்டிருந்தன. எங்கள் கடையில் வாங்காத துப்பாக்கிதான், இருந்தாலும் கூப்பிட்டு அனுப்பினார், போனேன். நரி வருகிற இடம் காப்பி காயப்போடும் களத்து ஓரம். பின்னால் உயரமான செம்மண் மேடு, குண்டு எங்கே போனாலும் மண்ணுக்குள்தான் போகும். ஆக ரைஃபிள் தப்பில்லை என்று முதலில் சொல்லிவிட்டேன்.

விடியற்காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நரி வந்தது, வந்து நிதானமாக உட்கார்ந்து காதைச் சொறிந்தது. மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் பனி பிடித்தது. மறுபடி துடைத்தார். நரி அலுத்துப்போய் எழுந்து போய்விட்டது. கொல்லிமலைப் பனியில் அந்தக் குழாய்க்குள் தெரிவது வெண்மை ஒன்றுதான். நான் திருகாணிகளைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். ரைஃபிளின் சொந்தக் குறிமணி கறுப்பு, மங்கல் வெளிச்சத்தில் தெரியாது. வெற்றிலைப் பெட்டியிலிருந்து துளி சுண்ணாம்பு எடுத்து அதன் நெற்றியில் இட்டேன். மறுநாள் விடிகாலையில் ஒரே வெடி. மேனேஜர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார், பெரிய மனசு. காப்பி கொண்டுவந்த சமையற்காரர்தான் விஷயத்தை முடித்து வைத்தார்: "இத்தன நாளா இவரு நரியப் பாத்தாரு, நரி இவரப் பாத்துச்சு, ரெண்டு பேருக்கும் நல்ல பழக்கமாயிருந்துச்சுங்க, நீங்க வந்து கெடுத்துட்டீங்க."

முதலாளி விற்ற துப்பாக்கி

மைத்துனி கல்யாணத்துக்கு நான் ராசிபுரம் போயிருந்த சமயம். கம்பிக் கதவைப் பூட்டி வையுங்கள், யார் வந்தாலும் என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆனால் வாசலுக்கு வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப எந்த முதலாளிக்கு மனசு வரும்? அரியூர் நாட்டிலிருந்து ஒருவர் லைசென்சோடு வந்திருக்கிறார். முதலாளி பின்னறைக்குப் போய், வாழ்நாளெல்லாம் இரும்பை எப்படிப் பார்த்தாரோ அப்படியே துப்பாக்கிகளையும் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து நிறுத்து, இருப்பதிலேயே கனமான இரட்டைக் குழலை, அசல் இரும்பு, தேயாது என்று சொல்லிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. செங்குத்தான கல்பாதையில் நடந்துதான் ஏற வேண்டும். அந்த மனிதர் பாதி மலை ஏறியிருக்கிறார், உட்கார்ந்திருக்கிறார், இறங்கி வந்துவிட்டார். நான் கல்யாணத்திலிருந்து திரும்பிய அன்று அவரும் கடைவாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு துப்பாக்கி திரும்பி வந்தால் லைசென்ஸ் போய்விடும் என்ற சட்டம் முதலாளிக்கு ஞாபகம் வந்தது. இது நீ விற்றதில்லையே, அதனால் கணக்கில் சேராது என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். மெல்லிய ஒற்றைக் குழல் ஒன்றை எடுத்து, கம்பளி போர்த்தி அளந்து கொடுத்தேன். அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, பழைய இரட்டைக் குழலைக் காட்டி அவர் முதலாளியிடம் சொன்னார்: "இத வெச்சு நரியச் சுட வேண்டியதே இல்லீங்க, தூக்கி அது மேல போட்டாப் போதுமுங்க."

இந்தப் பேச்சு அவருக்கு முன்பே மலையேறிவிட்டது. அரியூர் நாட்டில் ஆரம்பித்து எல்லா நாட்டிலும் சொல்லிச் சிரித்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

குண்டனி நாட்டு வழக்கம்

பங்குனி மாதம் குண்டனி நாட்டிலிருந்து ஓர் ஊர் ஆண்கள் எல்லோரும் சேர்ந்தாற்போல் கடைக்கு வந்தார்கள். முன்னால் ஊர்க்கவுண்டர். அந்த ஊரின் வழக்கு, கல்யாணம், விதைப்பு எல்லாம் அவர் வாயில்தான் முடிவாகும். நெட்டையான மனிதர், நீண்ட கை, நீண்ட கழுத்து. துப்பாக்கி ஊருக்குப் பொது, வீட்டுக்கு வீடு மிளகு போட்டு விற்றுச் சேர்த்திருந்தார்கள். லைசென்ஸ் கவுண்டர் பேரில். அவர் சார்பில் சுடுவதற்கு ஊர் ஆள் ஒருவரையும் அதில் சேர்த்திருந்தார்கள். பட்டிகளில் குட்டி தங்குவதே இல்லை, இந்த வருஷமும் இப்படியே போனால் ஆடு வளர்ப்பதையே விட்டுவிட வேண்டியதுதான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

யார் சுடப்போவது என்று வழக்கம்போலக் கேட்டேன். ஊர் என்றார்கள். ஊருக்குத் தோள் இல்லையே, யாருடைய தோள் என்றேன். எல்லோரும் கவுண்டரைப் பார்த்தார்கள். லைசென்சில் இருக்கிற இன்னொருவரும் வந்து அளவு கொடுக்கட்டும் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. பந்தியில் பெரியவருக்கு முன்னால் தனக்கு இலை போடச் சொன்னவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். கவுண்டருக்கென்று வந்திருக்கிற பொருளில் இன்னொருவர் கை அளவு விழுவதாவது? சரியென்று கவுண்டருக்கே கம்பளி போர்த்தி அளந்து, கட்டையை நீட்டி, இழைத்து, எண்ணெய் போட்டேன். அவர் கண்ணை மூடித் தோளில் சாத்தித் திறந்தபோது, குறிமணி எதிர்க்கடைப் பலகையின் ஆணியில் போய் அச்சாக நின்றது. என் கையிலிருந்து போனதிலேயே அழகான பொருத்தம் அதுதான். கவுண்டர் திருப்தியாகத் துப்பாக்கியை இறக்கிவிட்டு, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார்: "நான் புடிக்கோணும் கண்ணு, ஊரு சுடோணும், அதுதான் எங்க மொறை."

பலாமரத்தில் வழிந்த பால்

அதை நான் மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். வைகாசி வந்தது. சந்தைக்குப் பலாப்பழம் சுமந்து வந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் கடப்பாரை வாங்குகிற சாக்கில் முதலாளியிடம் சொல்லிவிட்டார்: துப்பாக்கி சத்தம்தான் போடுகிறது, நரி ஒன்றும் சாகவில்லை, குட்டிகள் முன்போலவே போய்க்கொண்டிருக்கின்றன, வைகாசிக் கடைசி வெள்ளிக்கிழமை ஊரே வந்து துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறது. முதலாளி என்னைத் திட்டவில்லை. முழக்கோலை எடுத்துக்கொண்டு போய்ப் பின்னறையை அளக்க ஆரம்பித்தார், தகரம் எத்தனை அடுக்கலாம் என்று. மறுநாள் விடியுமுன் ரம்பம், அரம், துளைக்கிற ஊசி எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறினேன்.

ஊர் போய்ச் சேர்ந்து விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. புதுத் துப்பாக்கிக்குப் பொங்கல் வைத்து முதல் வெடியை வானத்தைப் பார்த்துக் கவுண்டர் வெடித்திருக்கிறார். அதோடு அவர் வேலை முடிந்தது. அதன் பிறகு சுடுவதெல்லாம் லைசென்சில் சேர்த்திருந்த வெள்ளையன் என்பவர். ஊர் ஆடுகளைப் பார்த்துக்கொள்கிற ஆள், நிதானமானவர், கண் கூர்மையானவர். ஆனால் குள்ளம். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது, தோள்மேல் நேரே தலை. மறுநாள் விடியற்காலை அவரோடு போய் ஒரு பலாமரத்துக்கு எதிரே பதுங்கி உட்கார்ந்தேன். கீழே விழுந்து வெடித்த பழத்துக்கு நரி வந்தது. வெள்ளையன் சுட்டார். நரி போய்விட்டது. வெளிச்சம் வந்ததும் மரத்தடியில் போய்ப் பார்த்தேன். அடிமரத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே ரவை பட்ட இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று பால் வழிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் பழைய பால் காய்ந்த தழும்புகள், எல்லாம் அதே உயரத்தில். மறுபடி ஒருமுறை சாத்திக் காட்டச் சொன்னேன். கவுண்டர் கைக்கு நீட்டிய கட்டையில் வெள்ளையனின் கன்னம் போய்ச் சேரவே இல்லை, தலையைத் தூக்கித்தான் பார்க்க முடிந்தது. தலை தூக்கினால் வெடியும் தூக்கும். என் அளவு தப்பவில்லை. அந்த அளவுக்குரிய தோள் வீட்டில் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

கட்டையை அறுக்க வேண்டும் என்று சொன்னேன். கூடியிருந்தவர்கள் முகமெல்லாம் இருண்டுவிட்டது. கவுண்டர் அளவை வெள்ளையன் அளவுக்குக் குறைப்பதா? வெள்ளையனே, வேண்டாம் சாமி, நரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று என் கையைப் பிடித்தார். கவுண்டர் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். அறுக்காமல் இறங்கினால் என் பிழைப்பு போகும், அவர்கள் குட்டிகளும் போகும். அறுத்தால் அந்த ஊரில் ஒரு பெரிய மனிதரின் தலை தாழும். இரண்டையும் நான் விரும்பவில்லை. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கவுண்டர் அருகே போய்ச் சொன்னேன்: "அறுக்கற துண்டு உங்க ஊட்டுலயே இருக்கட்டுங்க. ரெண்டு முளை அடிச்சுத் தாரேன். நீங்க புடிக்கறப்பச் சேத்துக்கலாம். அது இல்லாம இந்தத் துப்பாக்கி முழுசாகாதுங்க."

அவர் தானே துப்பாக்கியை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். அறுத்தேன். துண்டில் இரண்டு பலாமர முளை அடித்து, கட்டையில் அதற்குத் துளை போட்டு, சேர்த்தால் மயிரிழை தெரியாதபடி இழைத்துக் கொடுத்தேன். அந்த வேலையை இன்று நினைத்தாலும் என் கையை நானே தொட்டுப் பார்த்துக்கொள்வேன். மறுநாள் விடிகாலையில் வெள்ளையன் கன்னத்தைக் கட்டையில் வைத்துச் சுட்டார், நரி எழுந்திருக்கவில்லை. பலாமரத்திலும் புதுப் பால் இல்லை. ஊரே கூடிவிட்டது. கவுண்டர் தன் துண்டை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, நரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தல அவங்கிட்ட, வாலு எங்கிட்ட, நடுவுல வந்து நின்னது நரியோட நேரமுங்க."

வெள்ளிக்கிழமை

திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமையே கவுண்டர் ஆட்களோடு கடைவாசலில் வந்து நின்றார். தோளில் துப்பாக்கி, துண்டு சேர்த்து முழுசாக இருந்தது. முன்பக்கம் நின்ற முதலாளி அதைப் பார்த்ததும் நிறுத்துக்கொண்டிருந்த ஆணியை அப்படியே போட்டார். மலைமேல் நடந்ததை நான் அவரிடம் சொல்லித்தான் இருந்தேன், ஆனால் பயந்தவருக்குக் கண்ணால் பார்ப்பதுதான் நிஜம். கவுண்டர் ஆணிக் குவியலுக்கு நடுவே துப்பாக்கியை வைத்தார். என் கண் கட்டையின் ஒட்டுக்குத்தான் போயிற்று. கட்டை விட்டுக்கொண்டதா, முளை இளகிவிட்டதா? முதலாளி, என்ன குறை என்று கேட்டார்.

குறை ஒன்றுமில்லை என்றார் கவுண்டர். வெள்ளையன் நாள் தவறாமல் சுடுகிறார், ஊருக்குள் நரி வருவதில்லை, பிறந்த குட்டி எல்லாம் பட்டியில் துள்ளுகிறது. ஆனால் மிச்சமிருந்த நரியெல்லாம் ஓடையைத் தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அந்த ஊர்க்காரர்கள் லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு திங்கட்கிழமை இதே கடைக்கு வரப்போகிறார்கள். முதலாளிக்கு உயிர் வந்தது. இன்னொரு வியாபாரமா, வரட்டும், வரட்டும் என்றார். கவுண்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு மறுபடி அவரைப் பார்த்தார். அவர்களும் நன்றாகச் சுட ஆரம்பித்தால் நரி திரும்ப எங்கள் ஓடைக்கு இந்தப் பக்கம்தானே வரும் என்று விளக்கினார். இதைச் சொல்லத்தான் மலையிறங்கி வந்தாராம். பிறகு, தராசுக்குப் பின்னால் நின்ற என் முதலாளியை வைத்துக்கொண்டே என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்: "அவீங்களுக்கு மட்டும் நீங்க அளக்க வேண்டாஞ் சாமி, மொதலாளியே நிறுத்துக் குடுக்கட்டுமுங்க."

திங்கட்கிழமை வந்தவர்களுக்கு முதலாளியே தன் கையால் கம்பிக் கதவைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார், நானும் அந்த ஊர்க் கவுண்டர், சுடுகிறவர் இரண்டு பேருக்கும் கம்பளி போர்த்தி அளந்தேன். தொழிலில் கெட்டிக்காரன் என்று பேரெடுத்தவனுக்குக் கிடைக்கும் பெரிய விருது, அவனைப் பக்கத்து ஊருக்கு அளக்க விடாதே என்று யாராவது மலையிறங்கி வந்து கெஞ்சுவதுதான்.